வேலை பாத்துக்கிட்டே டீச்சர் ட்ரெய்னிங் முடிச்சவங்க இருக்கீங்களா? நாக்கு தள்ளுது

மூணாவதுபீரியட்

எல்லாருக்கும் வணக்கம். பெரிய போஸ்ட்டு தான், பொறுத்துக்கோங்க.

ஒரு ஸ்கூல்ல மூணு வருஷமா சயின்ஸ் எடுக்குறேன். டிகிரி இருக்கு, டீச்சர் ட்ரெய்னிங் சர்டிபிகேட் இல்ல. ஆள் கிடைக்காத நேரத்துல உள்ள வந்தேன், அப்படியே ஒட்டிக்கிட்டேன். இந்த வருஷம் ஸ்கூல்லயே கூப்பிட்டு, வேலைய விட வேணாம், இங்க இருந்துகிட்டே ட்ரெய்னிங் முடிச்சிரு, ஃபீஸ்ல பாதி நாங்க கட்டுறோம்னு சொன்னாங்க. சம்பளமும் வரும் படிப்பும் முடியும், ஒரே கல்லுல ரெண்டு மாங்கான்னு சந்தோஷமா சேந்துட்டேன். ரெண்டு மாசம் தான் ஆச்சு, இப்ப கல்லு என் மண்டையில விழுந்த மாதிரி இருக்கு.

வாரத்துக்கு 24 பீரியட் எனக்கு. யாராவது லீவு போட்டா அந்த சப்ஸ்டிட்யூஷனும் என் தலையில தான் வந்து விழும், ஏன்னா "அவன் ட்ரெய்னிங்ல தான இருக்கான், ஃப்ரீயா தான் இருப்பான்"னு ஒரு நினைப்பு. வாரத்துல ஒரு மத்தியானம் படிப்புக்குன்னு ஒதுக்கி குடுப்போம்னு சொல்லியிருந்தாங்க. இதுவரைக்கும் எட்டு மத்தியானம் வந்துச்சு, அதுல ரெண்டு தான் என் கைக்கு கிடைச்சுது. நோட்டு திருத்தி முடிக்கவே ராத்திரி ஒன்பதாயிடுது, அதுக்கப்புறம் லெசன் ப்ளான், அதுக்கப்புறம் அசைன்மென்ட், அதுக்கப்புறம் "இன்னைக்கு கிளாஸ்ல நான் என்ன கத்துக்கிட்டேன்"னு ஒரு டைரி வேற எழுதணும். உண்மைய சொல்லணும்னா அந்த டைரிய ஞாயித்துக்கிழமை உக்காந்து அஞ்சு நாளுக்கும் சேத்து வேற வேற பேனால எழுதுறேன்.

இதெல்லாம் கூட பரவால்ல. போன வாரம் முதல் அப்சர்வேஷன். ட்ரெய்னிங் குடுக்குற இடத்துல இருந்து ஒரு மேடம் வந்து கடைசி பெஞ்சுல உக்காந்தாங்க. கிளாஸ் நல்லா போச்சுன்னு தான் நெனச்சேன், பசங்க சத்தம் போடல, போர்டு சுத்தமா இருந்துச்சு, நெனச்ச போர்ஷன் முடிஞ்சுது. கடைசில அவங்க ஒண்ணும் பேசாம ஒரு பேப்பர நீட்டுனாங்க. நான் கேட்ட கேள்வி ஒவ்வொண்ணையும் வரிசையா எழுதி, பக்கத்துல யாரு பதில் சொன்னாங்கன்னு குறிச்சிருந்தாங்க. மொத்தம் 31 கேள்வி. 22க்கு பதில் சொன்னது நானே. மிச்சம் 9ல ஆறு ஒரே பையன், முதல் பெஞ்சு. "இந்த பேப்பர நீங்களே பாத்துட்டு என்ன தோணுதுன்னு அடுத்த தடவை சொல்லுங்க"ன்னுட்டு போயிட்டாங்க. திட்டியிருந்தா கூட மனசு ஆறியிருக்கும்.

இப்ப என் சந்தேகம்:

வேலைய விட்டுட்டு முழுநேரமா போய் படிக்கிறது தான் புத்திசாலித்தனமா? மூணு வருஷம் எடுத்ததுக்கு மதிப்பே இல்லையா, புதுசா வந்தவன் மாதிரி முதல்ல இருந்து ஆரம்பிக்கணுமா? அப்புறம், எனக்கு மென்டரா போட்டிருக்கறது எங்க டிபார்ட்மென்ட் ஹெட். டைம்டேபிள் போடுறதும் அவர் தான், சப்ஸ்டிட்யூஷன் போடுறதும் அவர் தான். அவர்கிட்டயே போய் "சார் முடியல"ன்னு எப்படி சொல்றது?

—

கரும்பலகைக்காரி

அந்த பேப்பர கிழிச்சு போட்டுடாதீங்க தம்பி. ட்ரெய்னிங் முழுக்க உங்களுக்கு கிடைக்கப்போறதுலயே உருப்படியான பேப்பர் அதுவா தான் இருக்கும். நானும் வேலையில இருந்துகிட்டே முடிச்சவ தான், எனக்கு ஆறு வருஷ அனுபவம் இருந்துச்சு சேரும்போது, அதனால உங்கள விட ரெண்டு மடங்கு திமிரு.

நீங்க பண்ணது உங்க தனி தப்பு இல்ல. 1970கள்ல மேரி பட் ரோ அப்படிங்கறவங்க சயின்ஸ் கிளாஸ்களா பாத்து டேப்புல பதிவு பண்ணி கேட்டாங்க. டீச்சர் கேள்வி கேட்டுட்டு பதிலுக்கு எவ்ளோ நேரம் காத்திருக்காங்கன்னு அளந்தா, சராசரியா ஒரு செகண்டு. ஒரே ஒரு செகண்டு! அதுக்குள்ள பதில் வரலன்னா வேற ஆள், இல்லன்னா தானே சொல்லிடுறது. அத மூணு செகண்டா ஆக்க சொல்லி டீச்சர்கள பழக்குனப்ப பசங்களோட பதில் நீளமாச்சு, "தெரியாது மிஸ்" குறைஞ்சுது, வாயே தொறக்காத பசங்க பேச ஆரம்பிச்சாங்க. இன்னொண்ணும் கண்டுபுடிச்சாங்க, நல்லா படிக்கிறவன்னு நாம முடிவு பண்ணி வச்சிருக்க பசங்களுக்கு நாம அதிக நேரம் காத்திருப்போம், சுமார் பசங்களுக்கு குறைவா தான் குடுப்போம். உங்க முதல் பெஞ்சு பையன் கதை அது தான்.

இத படிக்கும்போது நானெல்லாம் அப்படி இல்லன்னு நெனச்சேன். ஃபோன மேஜை மேல வச்சு என் குரல மட்டும் ரெக்கார்ட் பண்ணி வீட்டுல கேட்டேன். கேள்வி, "ம்?", பதில். கேள்வி, "சொல்லுங்க சொல்லுங்க", பதில். எல்லாமே நானே. ரேடியோ நாடகம் மாதிரி ஒரே ஆள் எல்லா வேஷமும். அப்புறம் கைய பின்னாடி கட்டிக்கிட்டு விரல ஒண்ணு ரெண்டு மூணுன்னு மடக்கி எண்ண ஆரம்பிச்சேன். மூணு செகண்டு கிளாஸ்ல எவ்ளோ நீளம்னு அனுபவிச்சா தான் தெரியும், கிணத்துக்குள்ள நிக்கற மாதிரி இருக்கும். முதல் ரெண்டு வாரம் பசங்களே பயந்துட்டாங்க, மிஸ்ஸுக்கு உடம்பு சரியில்லையான்னு.

மூணு வருஷத்துக்கு மதிப்பு இல்லையான்னு கேட்டீங்க. இருக்கு, ஆனா அதுல பாதி உங்களோடது இல்ல. நீங்க எடுக்குற விதம் முக்கால்வாசி நீங்க படிச்சப்ப உங்களுக்கு எடுத்தவங்களோடது. டான் லோர்ட்டின்னு ஒரு சமூகவியல்காரர் 1975லயே சொன்னாரு, ஒரு பிள்ளை ஸ்கூல் முடிக்கிறதுக்குள்ள சுமார் 13,000 மணி நேரம் டீச்சர்கள பாத்துக்கிட்டே உக்காந்திருக்குன்னு. அவ்ளோ நேரம் பாத்தும் முன்னாடி நின்னு நடத்துறத தான் பாத்திருக்கோம். அவங்க ராத்திரி என்ன யோசிச்சாங்க, இந்த கேள்விய ஏன் இந்த இடத்துல கேட்டாங்கங்கறது நம்ம கண்ணுக்கு படவே இல்ல. மணமேடைய மட்டும் பாத்துட்டு சமையல் தெரியும்னு சொல்ற மாதிரி. அதனால ட்ரெய்னிங்ல பாதி வேலை பழச மறக்குறது தான். முழுநேரமா படிக்கப்போனா அத வேற கிளாஸ்ல வச்சு மறக்கலாம், நமக்கு நம்ம பசங்க முன்னாடியே மறக்கணும், அது தான் கஷ்டம்.

அந்த டைரிய தயவுசெஞ்சு அன்னன்னைக்கே எழுதுங்க, மூணு வரி போதும். வேற வேற பேனா டெக்னிக்க எங்க பேட்ச்சுல எல்லாரும் பண்ணோம், பாக்குறவங்களுக்கு நல்லாவே தெரியும்.

—

டைம்டேபிள்தாத்தா

நான் ரிட்டயர் ஆன ஆளு. முப்பது வருஷத்துல பதினாலு பேருக்கு மென்டரா இருந்திருக்கேன், டைம்டேபிளும் போட்டிருக்கேன், அதனால ரெண்டு பக்க பாவமும் எனக்கு தெரியும்.

தம்பி, உங்க பிரச்சனை கேள்வி கேக்குறது இல்ல, அது தானா சரியாயிடும். உங்க பிரச்சனை அந்த மத்தியானம். வாய்ப்பேச்சுல குடுத்த மத்தியானம் முதல் ஆள் லீவு போட்டதும் காத்துல போயிடும், இதுல யாரும் கெட்டவங்க இல்ல, காலையில ஏழேமுக்காலுக்கு மூணு பேர் வரலன்னு ஃபோன் வந்தா டைம்டேபிள் போடுறவன் கண்ணுக்கு காலி கட்டம் மட்டும் தான் தெரியும். அந்த கட்டத்துல "படிப்பு"ன்னு எழுதியிருந்தா கை கொஞ்சம் தயங்கும். காலியா இருந்தா தயங்காது. ஆக முதல் வேலை, டைம்டேபிள் சீட்டுல அந்த மத்தியானத்த பேர் போட்டு அச்சடிக்க வைங்க. பீரியட் எண்ணிக்கையும் குறையணும். 24 பீரியட்ங்கறது முழு டீச்சரோட சுமை, அதோட ட்ரெய்னிங்க ஏத்துனா ரெண்டுல ஒண்ணு கீழ விழத்தான் செய்யும், பெரும்பாலும் ட்ரெய்னிங் தான் விழும்.

ரெண்டாவது, பாதி ஃபீஸ் கட்டுறோம்னு சொன்னாங்களே, அதுக்கு பேப்பர் ஏதும் கையெழுத்து போட்டீங்களா? முடிச்சப்புறம் இத்தன வருஷம் இங்கயே இருக்கணும், நடுவுல போனா திருப்பி கட்டணும்னு ஒரு வரி எங்கயாவது ஒளிஞ்சிருக்கும். அது தப்பில்ல, ஆனா எத்தன வருஷம், வருஷத்துக்கு எவ்ளோ கழியும், ஸ்கூலே உங்கள அனுப்பினா யார் கட்டணும், பாதில ட்ரெய்னிங் நின்னு போனா என்ன, இதெல்லாம் தெரிஞ்சு வச்சுக்கோங்க.

அப்புறம் ஒண்ணு, நெறைய பேர் கடைசி டெர்ம்ல தான் முழிச்சுக்குவாங்க. உங்க ட்ரெய்னிங் விதிமுறைய எடுத்து, வேற ஒரு ஸ்கூல்லயோ வேற வயசு பசங்களுக்கோ கிளாஸ் எடுக்கணும்னு இருக்கான்னு பாருங்க. பல ட்ரெய்னிங்ல அது கட்டாயம், சொந்த ஸ்கூல் அனுபவம் மட்டும் செல்லாது. அப்படின்னா அந்த வாரங்களுக்கு உங்க 24 பீரியட்ட யார் எடுப்பா, சம்பளம் வருமா? இப்பவே கேட்டா திட்டம் போடுவாங்க, கடைசில கேட்டா கைய விரிப்பாங்க. அந்த சர்டிபிகேட்ட ஆசிரியர் தகுதிய முடிவு பண்ற அமைப்பு அங்கீகரிக்குதான்னு சேரும்போதே பாத்திருப்பீங்கன்னு நம்புறேன். பாக்கலன்னா இன்னைக்கே அவங்க பட்டியல்ல போய் பாருங்க, ஸ்கூல் சொன்னத வச்சு நம்ப வேணாம்.

மென்டர் விஷயம். உங்க வேலைய மதிப்பெண் போட்டு மேல அனுப்புறவரும் உங்க அழுகைய கேக்க வேண்டியவரும் ஒரே ஆளா இருக்கக்கூடாது. எங்க காலத்துல அது எனக்கும் புரியல. ஒரு பொண்ணு எனக்கு கீழ ட்ரெய்னிங்ல இருந்துச்சு, எட்டு மாசம் "எல்லாம் ஓகே சார்"னு மட்டும் சொல்லிட்டு ஒன்பதாவது மாசம் ராஜினாமா குடுத்துச்சு. நான் தான் டைம்டேபிள்ல அதுக்கு கடைசி பீரியடா போட்டு தள்ளிக்கிட்டு இருந்திருக்கேன், எங்கிட்டயே எப்படி சொல்லும். இன்னொருத்தர கேளுங்க. வேற சப்ஜெக்ட் டீச்சரா இருந்தாலும் பரவால்ல, ஏன், அது தான் சில சமயம் நல்லது, பாடம் தெரியாததால பசங்கள மட்டும் கவனிப்பாங்க. மாத்த முடியாதுன்னா ட்ரெய்னிங் இடத்துல இருந்து வந்த அந்த மேடம்கிட்ட சொல்லுங்க, பேப்பர நீட்டிட்டு பேசாம போற ஆளுன்னா விஷயம் தெரிஞ்சவங்க தான்.

—

பாதிலவந்தவன்

மேல ரெண்டு பேரும் முடிச்சவங்க, முடிக்க வச்சவங்க. முடிக்காதவன் ஒருத்தன் பேசட்டுமா.

நான் ஒரு வருஷம் இழுத்துட்டு விட்டுட்டேன். கைகால் நல்லா தான் இருந்துச்சு, தூக்கம் தான் போச்சு. ராத்திரி ஒரு மணிக்கு லெசன் ப்ளான் எழுதி, காலையில அத பாக்காமயே கிளாஸ் எடுத்து, சாயங்காலம் அந்த ப்ளான் ஏன் வேலை செய்யலன்னு ரெண்டு பக்கம் எழுதுவேன், என்ன கூத்துன்னு பாருங்க. பசங்க மேல எரிஞ்சு விழ ஆரம்பிச்சேன். ஒரு நாள் ஒரு சின்ன பையன் ஹோம்வொர்க் நோட்ட ரெண்டு கையால நெஞ்சோட சேத்து புடிச்சுக்கிட்டு என் மேஜை பக்கம் வராம சுவத்தோரமா சுத்தி போனான். அன்னைக்கு முடிவு பண்ணேன்.

அப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சு காசு சேத்து முழுநேரமா போய் படிச்சு முடிச்சேன். ஸ்கூல்ல இருந்த அனுபவம் அங்க நல்லா உதவுச்சு, கூட படிச்சவங்க எல்லாம் முதல் கிளாஸுக்கு நடுங்கும்போது எனக்கு அந்த பயம் இல்ல. சம்பளம் இல்லாத வருஷம் கஷ்டம் தான், அத மறைக்கல.

அதனால "விடாமுயற்சி"ன்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க. ஒரு தேதி வச்சுக்கோங்க. அந்த தேதிக்குள்ள தாத்தா சொன்ன மத்தியானமும் பீரியட் குறைப்பும் எழுத்துல வரலன்னா, இந்த வருஷம் ட்ரெய்னிங்க தள்ளி வைக்க முடியுமான்னு கேளுங்க. தள்ளி வைக்கறது வேற, விடுறது வேற. எனக்கு அந்த வித்தியாசம் சொல்ல ஆள் இல்ல.

—

சும்மாஒருத்தன்

எல்லாம் ஒரு பேப்பருக்கு தான். எங்க ஸ்கூல்ல ட்ரெய்னிங்கே இல்லாம இருவது வருஷமா எடுக்குற சார் இருந்தாரு, அவர் கிளாஸ்ல ஊசி விழுந்தா கேக்கும். ட்ரெய்னிங் முடிச்சவங்க கிளாஸ் சந்தை மாதிரி இருக்கும். சப்ஜெக்ட் தெரிஞ்சா போதும், மத்தது எல்லாம் வார்த்தை ஜாலம்.

—

கரும்பலகைக்காரி

@சும்மாஒருத்தன் ஊசி விழுந்தா கேக்குற கிளாஸ்ல பசங்க என்ன கத்துக்கிட்டாங்கன்னு ஊசிக்கு தான் தெரியும் 😄

சண்டைக்கு வரல. அந்த மாதிரி சாருங்க நிஜமாவே இருக்காங்க. ஜேக்கப் கூனின்னு ஒருத்தர் அதுக்கு தான் கிளாஸ்கள வீடியோ எடுத்து ஆராய்ச்சி பண்ணாரு, 1970ல புத்தகமா வந்துச்சு. அடங்கி இருக்கற கிளாஸ் டீச்சருக்கும் சந்தைக்கடை கிளாஸ் டீச்சருக்கும் என்ன வித்தியாசம்னு தேடுனா, பையன் தப்பு பண்ணப்புறம் எப்படி கண்டிக்கிறாங்கங்கறதுல பெருசா வித்தியாசமே இல்லையாம். தப்பு நடக்கறதுக்கு முன்னாடியே கிளாஸ் முழுக்க என்ன நடக்குதுன்னு கவனம் இருக்கறது, ஒரு வேலையில இருந்து இன்னொண்ணுக்கு இழுக்காம மாறுறது, இதுல தான் இருக்கு. உங்க சார் போர்டுல எழுதும்போதே கடைசி பெஞ்ச பேர் சொல்லி கூப்பிட்டிருப்பாரே? அது தான். இருவது வருஷத்துல அவர் தானா கண்டுபுடிச்சத இவங்களுக்கு ஒரு வருஷத்துல காமிச்சு குடுக்கறது தான் ட்ரெய்னிங்.

சப்ஜெக்ட் தெரிஞ்சா போதும்ங்கறதுக்கு: 1/3 பெருசா 1/4 பெருசான்னு கேட்டா நெறைய பசங்க 1/4 தான் பெருசும்பாங்க, ஏன்னா 3ஐ விட 4 பெருசு. பல்பு எரியும்போது கரண்ட்ட தின்னுடுது, அதனால அடுத்த பல்புக்கு கம்மியா தான் போகும்னு நெனப்பாங்க. இது எந்த டிகிரிலயும் சொல்லித்தர மாட்டாங்க. பாடத்த தெரிஞ்சிருக்கறது வேற, அந்த பாடத்துல பிள்ளைங்க எங்க வழுக்கி விழுவாங்கன்னு தெரிஞ்சிருக்கறது வேற, அதுக்கு 1986ல லீ ஷுல்மன்னு ஒரு கல்வி ஆராய்ச்சியாளர் தனியா ஒரு பேரே வச்சாரு. மூணாவதுபீரியட்டுக்கு மூணு வருஷத்துல நெஜமா சேந்த சொத்து இது தான், எந்த இடத்துல பசங்க திருதிருன்னு முழிப்பாங்கன்னு அவருக்கு தெரியும். முழுநேர படிப்புல இருக்கறவங்க இதுக்கு தான் ஏங்குவாங்க.

தம்பி, நோட்டு திருத்துறதுல ஒன்பது மணி ஆகுதுன்னீங்களே, அதுக்கு ஒரு வழி சொல்றேன். 1988ல ரூத் பட்லர்னு ஒருத்தங்க பசங்கள மூணு பிரிவா பிரிச்சு, ஒரு பிரிவுக்கு மார்க் மட்டும், ஒண்ணுக்கு கமென்ட் மட்டும், ஒண்ணுக்கு ரெண்டும் குடுத்து பாத்தாங்க. கமென்ட் மட்டும் வாங்குனவங்க தான் முன்னேறுனாங்க. ரெண்டும் வாங்குனவங்க மார்க்க பாத்துட்டு நோட்ட மூடிட்டாங்க போல, மார்க் மட்டும் வாங்குனவங்க மாதிரி தான் ஆச்சு. நீங்க ராத்திரி எழுதுற கமென்ட் முக்கால்வாசி யாருமே படிக்காதது. 40 நோட்டுலயும் எல்லா கேள்வியும் திருத்தாதீங்க, முக்கியமான ஒரே கேள்விய எடுத்து அதுக்கு மட்டும் ஒரு வரி, மார்க் இல்லாம. மறுநாள் கிளாஸ்ல அஞ்சு நிமிஷம் குடுத்து அத சரி பண்ண சொல்லுங்க. அதையே உங்க அசைன்மென்ட்டாவும் எழுதிருங்க, ஒரே வேலை ரெண்டு இடத்துல கணக்காகும். பசங்க பேர் மட்டும் எங்கயும் வராம பாத்துக்கோங்க, வீடியோ எடுக்கறதா இருந்தா ஸ்கூல்லயும் பெத்தவங்ககிட்டயும் எழுத்துல அனுமதி வாங்காம எடுக்கவே கூடாது.

பாதிலவந்தவன் சொன்னத நான் மறுக்கல. நான் முடிச்சேன்னா வீட்டுல எனக்கு பதிலா எல்லா வேலையும் செய்ய ஆள் இருந்தாங்க, அத முதல் போஸ்ட்டுலயே சொல்லியிருக்கணும்.

—

மூணாவதுபீரியட்

எல்லாருக்கும் நன்றி. மூணு வாரம் கழிச்சு வரேன், மன்னிக்கணும்.

தாத்தா சொன்ன மாதிரி முதல்ல பேப்பர தேடுனேன். கையெழுத்து போட்டிருக்கேன், படிக்காமலே. முடிச்சு மூணு வருஷம் இருக்கணும்னு இருக்கு, வருஷத்துக்கு மூணுல ஒரு பங்கு கழியும். பரவால்ல, ஒத்துக்கறேன். வேற ஸ்கூல்ல ஆறு வாரம் எடுக்கணும்னும் விதிமுறைல இருக்கு. எங்க பிரின்ஸிபாலுக்கே அது தெரியல, ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.

மேடம்கிட்ட பேசுனேன், அவங்க பிரின்ஸிபால்கிட்ட பேசுனாங்க. மத்தியானம் இப்ப டைம்டேபிள்ல அச்சாகிடுச்சு. 24 பீரியட் 20 ஆச்சு, 18 கேட்டேன், குடுக்கல. மென்டர் மாறல, ஆனா கணக்கு எடுக்குற ஒரு டீச்சர் பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவை என் கிளாஸ்ல வந்து உக்காருறாங்க, மேல எதுவும் எழுதி அனுப்ப மாட்டாங்க. பாதிலவந்தவன் சொன்ன தேதியையும் குறிச்சு வச்சிருக்கேன், டெர்ம் முடியுற நாள். பாப்போம்.

விரல் மடக்குற விஷயம். நேத்து ஐஸ் ஏன் தண்ணில மிதக்குதுன்னு கேட்டுட்டு கைய பின்னாடி கட்டிக்கிட்டேன். ஒண்ணு. முதல் பெஞ்சு கை தூக்கிட்டான். ரெண்டு. வாய் வரைக்கும் வந்துருச்சு பதில், கடிச்சு நிறுத்துனேன். மூணு. நாலு. ஜன்னல் ஓரத்துல ஒரு பொண்ணு இருக்கா, இந்த வருஷம் என் கிளாஸ்ல அட்டெண்டன்ஸ்க்கு தவிர வாய தொறந்ததில்ல. "சார், உள்ள காத்து இருக்குமோ?"ன்னா. தப்பு தான். ஆனா அடுத்து மூணு பேர் அது காத்து இல்லடின்னு அவகூட சண்டைக்கு போயிட்டாங்க, நான் சும்மா நின்னுக்கிட்டிருந்தேன், போர்ஷன் முடியல.

கணக்கு டீச்சர் கடைசில பேப்பர காமிச்சாங்க. 14 கேள்வி, அதுல 5 நான். அஞ்ச இன்னும் குறைக்கணும். டைரியும் அன்னைக்கே எழுதிட்டேன், ஒரே பேனால.